தையல் வெளியே இருந்த சட்டைகள்

சுங்கத் துறையில் துணிமணிப் பிரிவு கிடைத்திருக்கிறது என்று தெரிந்ததும் உங்களில் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். தங்கம் பிடிக்கிற பிரிவில் இருந்தால் பேப்பரில் படம் வரும், பனியனையும் பாவாடையையும் புரட்டிக்கொண்டிருந்தால் என்ன வரும் என்று கவலையாம். வரும். முதலில் தும்மல் வரும். புது உடுப்புகளிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசி மூக்கை ஒரு வழி பண்ணிவிடும். அதற்கப்புறம், கொஞ்சம் பொறுமையாக இருந்தால், ஆச்சரியம் வரும். மீனம்பாக்கம் ஏர் கார்கோவில் அப்ரைசராக, அதாவது சரக்கைப் பார்த்து மதிப்பிடும் அதிகாரியாக, இருந்து ஓய்வு பெற்று, தாம்பரத்தில் வீட்டோடு இருக்கும் இப்போதும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை. தும்மல்கூட முழுசாகத் தீரவில்லை.

இந்த வேலை உங்களுக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எதிரில் வருகிறவரின் முகத்தை விட்டுவிட்டு அவர் போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். தாம்பரத்திலிருந்து திரிசூலம் வரை தினமும் மின்சார ரயிலில் போவேன். முன்னால் நிற்கும் பெண்ணின் கழுத்தோரம் லேபிள் வெளியே எட்டிப் பார்த்தால் போதும், எந்த நாடு என்று படிக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஒருநாள் ஒரு பூக்காரம்மா திரும்பிப் பார்த்து, "இன்னாமா, என் முதுகுல எதுனா ஊருதா?" என்று கேட்டார். பெட்டியே சிரித்தது. அதற்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் ரயில் ஏறுவேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு சாதாரண சட்டை. பருத்தி விளைந்தது ஒரு நாடு. நூல் நூற்றது இன்னொன்று. நெய்தது வேறொன்று. பித்தான் வந்தது எங்கிருந்தோ. வெட்டித் தைத்தது மற்றோர் ஊர். கடைசியில் பல்லாவரத்தில் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறார். அந்தச் சட்டைக்கு எது சொந்த நாடு? அந்தக் கேள்வியைத்தான் உங்கள் மேசைமேல் வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் கை பட்ட பொருள் அது என்று நினைத்தாலே எனக்கு மயிர்க்கூச்செறியும். அதற்காகத்தான் சம்பளமும் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் இன்னும் ஆச்சரியம்.

விதிகளை நீங்கள் படித்துக்கொள்வீர்கள். பின்னலாடை அறுபத்தொன்றாம் அத்தியாயம், நெய்த துணியில் தைத்தது அறுபத்திரண்டு. முன்பக்கம் திறக்கும் உடுப்பில், போட்டுக்கொள்பவரின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வந்து மூடினால் ஆண்பிள்ளை உடுப்பு, மாறி மூடினால் பெண்பிள்ளை உடுப்பு. நம் நாட்டோடு ஒப்பந்தம் உள்ள நாட்டில் செய்தது என்று சான்றிதழ் காட்டினால் வரியில் சலுகை. ஆனால் அந்தப் பொருள் அங்கே எப்படி உருவானது என்பது இறக்குமதி செய்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும். இதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். விதி ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் இழுக்கும்போது என்ன செய்வது என்பதை எவரும் சொல்லிக் கொடுக்கமாட்டார்கள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வந்த நான்கு அட்டைப் பெட்டிகளைப் பற்றிச் சொல்கிறேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்டை நாடு ஒன்றிலிருந்து விமானத்தில் வந்த பெட்டிகள். ஆவணத்தில் இருந்தது இவ்வளவுதான்: பின்னலாடை, பருத்தி, ஆண்பிள்ளைகளுக்கான சட்டை. கூடவே அந்த நாட்டிலேயே செய்தது என்ற சான்றிதழ், அதைக் காட்டி வரிச் சலுகை கேட்டிருந்தார்கள். இறக்குமதி செய்தவர் கோவிலம்பாக்கத்து முகவரியில் ஒரு பெண்மணி, பெயர் எஸ்தர். இதற்கு முன்னால் அந்தப் பெயரில் எதுவும் வந்ததில்லை.

இப்போதெல்லாம் வரியை முடிவு செய்யும் அதிகாரி நம் கட்டடத்திலேயே இருப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வேறு ஏதோ ஊரில் கணினி முன்னால் இருப்பார். யாரென்று நமக்கும் தெரியாது, சரக்கு வாங்குபவருக்கும் தெரியாது. அவர் பெட்டியைப் பார்க்கமாட்டார். நாம் பிரித்துப் பார்த்து எழுதும் நாலு வரிதான் அவருக்குக் கண். அந்த அதிகாரி, பெட்டிகளைத் திறந்து நன்றாகச் சோதித்து, எந்த நாட்டுப் பொருள் என்பதையும் பார்த்து எழுதும்படி கேட்டிருந்தார். கேட்டதில் தப்பே இல்லை. பக்கத்திலேயே திருப்பூர் இருக்கிறது. உலகத்துக்கே பனியன் போட்டுவிடுகிற ஊர் அது. அதை விட்டுவிட்டு வெளிநாட்டிலிருந்து பனியன் வரவழைப்பவர் யார்? எனக்கும் அதுதான் முதல் சந்தேகம்.

போதாக்குறைக்கு, மூன்றாவது நாட்டு உடுப்புகளை அண்டை நாட்டு வழியாகக் கொண்டுவந்து, லேபிளை மாற்றிச் சலுகை வாங்குகிறார்கள், உஷாராக இருங்கள் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்த நேரம். இந்த மாதிரி நேரத்தில் எல்லா லேபிளும் கள்ள லேபிளாகத்தான் கண்ணுக்குத் தெரியும்.

பெட்டியைத் திறந்தவர் முரளி. கெட்டிக்காரர். எங்கள் பிரிவில் அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவும் கிடையாது. ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"மேடம், இத பாருங்க. எல்லாத்தையும் உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி திருப்பி அடுக்கியிருக்காங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, நாலு பொட்டியும் அப்படித்தான்."

"சரி, நேரா திருப்பிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். திருப்பினா வலது பக்கம் மேல வருது. பொம்பளப் பிள்ளைங்க சட்டை. இவங்க ஆம்பளப் பிள்ளைங்கன்னு எழுதியிருக்காங்க. அதுகூடப் பரவால்ல. கழுத்துல பாருங்க."

பார்த்தேன். பின்கழுத்தில், லேபிள் இருக்க வேண்டிய இடத்தில், லேபிள் இல்லை. அது இருந்த அடையாளம் இருந்தது. துணியில் வரிசையாகப் பொடி ஊசித் துளைகள், ஒரு சின்னச் செவ்வகமாக. லேபிள் தைத்துப் பிறகு பிரித்திருக்கிறார்கள். எந்த நாடு என்பது ஒவ்வொரு சட்டையையும் போட்டிருந்த உறையில் மட்டும் அச்சாகி இருந்தது. உறை யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடியது.

முரளி கேட்டார்: "விசாரணைப் பிரிவுக்கு எழுதிடலாமா மேடம்?"

எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெட்டிகள் கிடங்குக்குள் போகும். சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லி அந்த நாட்டுக்குக் கடிதம் போகும். பதில் வர மாதங்கள் ஆகும். முடிவு எதுவானாலும் அதுவரை அந்தச் சட்டைகள் இருட்டில் கிடக்கும். எழுதாமல் விட்டு, உண்மையிலேயே அது கள்ளச் சரக்காக இருந்தால், ஓய்வு பெறும் நேரத்தில் என் பெயருக்கு ஒரு விசாரணை வரும். இரண்டு பக்கமும் எனக்கு நன்றாகத் தெரிந்துதான் இருந்தது.

எஸ்தரின் சுங்க ஏஜெண்டிடம் வேலை செய்கிற சேகர், கவுண்டருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயம் விளங்கிவிட்டது.

"மேடம், நாலு பொட்டி பனியனு, அதுக்கு இம்மாம் பேஜாரா? அந்தம்மா காலைலேருந்து போன் மேல போன் போட்டுகினு கீது. பையனுக்கு ஒடம்பு சரியில்லயாம். அவனுக்காகத்தான் இத வாங்கிகினு கீறாங்களாம்."

இதையும் சொல்லிவிடுகிறேன். ஏர் கார்கோவில் ஒரு பெட்டி நின்றுபோனால் உடனே யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும். மாமியாருக்கு ஆப்பரேஷன், தங்கைக்கு நாளை கல்யாணம், அப்பா ஐசியூவில். கேட்டுக் கேட்டு எங்கள் காது மரத்துப் போயிருக்கும். சேகர் சொன்னதையும் அந்தக் காதால்தான் கேட்டேன். "எல்லாரும் சொல்றதுதானே சேகர்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

சாதாரணமாகத்தான் கழுத்துப் பக்கத்தைத் தடவினேன். அப்படியே நின்றுவிட்டேன்.

நூல் இல்லை. கள்ள லேபிள் ஒட்டுபவர்களின் கைவேலை எனக்குப் பழக்கம். கத்திரியை வைத்து நறுக்கென்று வெட்டுவார்கள். தையலுக்குள் பழைய லேபிளின் ஓரம் மாட்டிக்கொண்டு நிற்கும். நூல் துணுக்குகள் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு அவசரம், ஆயிரக்கணக்கில் மாற்ற வேண்டும். இங்கே ஒரு துணுக்குகூட இல்லை. ஒவ்வொரு தையலையும் ஊசி முனையால் தனித்தனியாக இழுத்து எடுத்திருக்கிறார்கள். இன்னொரு சட்டையை எடுக்கச் சொன்னேன். அதிலும் இல்லை. அடுத்த பெட்டியிலிருந்து ஒன்று. அதிலும் இல்லை.

"முரளி, திருடனுக்கு இவ்வளவு பொறுமை இருக்குமா?" என்றேன்.

"மேடம், நல்லா வேலை தெரிஞ்ச திருடனா இருக்கலாம்."

"நல்லா வேலை தெரிஞ்சவன் புது லேபிள் தைச்சிருப்பான். இவங்க ஒண்ணுமே தைக்கலையே."

லேபிளைப் பிரித்தவர்கள் ஒரு நாட்டின் பெயரை மறைக்க நினைத்திருந்தால், அந்த இடத்தில் வேறு நாட்டின் பெயரை வைத்திருக்க வேண்டும். வெறுமையாக விட்டது ஏன்? எல்லாவற்றையும் ஒரே மாதிரி திருப்பி அடுக்கியது ஏன்? ஒன்று திரும்பியிருந்தால் கவனக்குறைவு. எல்லாமே திரும்பியிருந்தால் யாரோ யோசித்துச் செய்தது. என்ன யோசித்தார்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாதபோது தெரிந்தவரைக் கேட்பதுதான் முறை. சேகரிடம், அந்த அம்மாவை வரச் சொல்லுங்கள் என்றேன்.

எஸ்தர் அங்கேயேதான் இருந்தார். வெளிவாசலில், செக்யூரிட்டி பக்கத்தில், காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாராம். உள்ளே வரும் அனுமதிச் சீட்டு வாங்கி வருவதற்குள் மதியம் ஆகிவிட்டது. நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர் போல நேராக நின்றார். அழுகை, கெஞ்சல் எதுவும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

"எங்ககிட்ட உண்மையைச் சொல்லுங்கம்மா. இந்த லேபிளை யார் பிரிச்சாங்க?"

"நான்தான் மேடம் பிரிக்கச் சொன்னேன்."

முரளி என்னைப் பார்த்தார்.

"எதுக்கு?"

"என் பையன் தோலுக்கு ஆகாது மேடம். பொறந்ததுலேருந்தே அவன் தோல் அப்படி. ஏதாவது உரசினா கொப்புளம் வந்துடும். கொப்புளம் உடைஞ்சா புண்ணு. ஒரு தையல் பட்டாப் போதும். எட்டு வயசு ஆகுது. குழந்தையா இருந்தப்போ மெல்லிசு வேட்டியில சுத்தி வெச்சிருந்தோம். இப்ப ஸ்கூலுக்குப் போறான், சுத்தி வெக்க முடியுமா?"

அவர் மேசையிலிருந்த சட்டையைக் கையில் எடுத்துக் காட்டினார். "இது திருப்பி வெச்சதில்ல மேடம். இதுதான் இதோட நேர்ப்பக்கம். தையல் எல்லாம் வெளிய இருக்கும். துணியோட வழுவழுப்பான பக்கம் உள்ள இருக்கும், உடம்புல படற மாதிரி."

பின்னல் துணிக்கு இரண்டு முகம் உண்டு. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. உலகத்தில் உள்ள எல்லா பனியனிலும் வழவழப்பான பக்கம் பார்க்கிறவர்களுக்கு, சொரசொரப்பும் தையலும் போட்டுக்கொள்பவருக்கு. அதுவரை எத்தனையோ பனியன்களைப் புரட்டியிருக்கிறேன். அது ஏன் அப்படி என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

முரளிதான் விடாமல் கேட்டார். கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். "ஏன்மா, கடையில கிடைக்கிற பனியனைத் திருப்பிப் போட்டா ஆகாதா?"

"அதைத்தான் சார் மொதல்ல செஞ்சோம். அத தலை வழியா இழுக்கணும். இழுத்தா காது, மூக்கு எல்லாம் உரிஞ்சிடும். அப்புறம் கைக்குழி இறுக்கமா இருக்கும். இது பாருங்க, முன்னாடி மடிச்சுக் கட்டறது. கையத் தூக்காமயே போட்டுடலாம். திருப்பூர்ல கேட்டேன். நல்லவங்கதான், ஆனா ஆயிரக்கணக்குல ஆர்டர் குடுங்கன்னாங்க. எங்களோட சேர்ந்து இந்த மாதிரி பிள்ளைங்க இருக்கற சில குடும்பம், அவ்ளோதான். இது வந்த நாட்டுல ஆஸ்பத்திரித் துணி தைக்கற ஒரு சின்ன யூனிட், கொஞ்சமா இருந்தாலும் தைச்சுத் தர்றோம்னு சொன்னாங்க."

"இப்ப அவன்கிட்ட சட்டை இல்லையா?" என்று கேட்டேன்.

"ரெண்டு இருக்கு மேடம். ரெண்டும் சின்னதாயிடுச்சு. அக்குள்ல உரச ஆரம்பிச்சிருக்கு. போன வாரத்துலேருந்து கட்டுப் போட்டுதான் வெச்சிருக்கேன். ஸ்கூலுக்கு அனுப்பல."

சொன்னபோதும் அவர் குரல் மாறவில்லை. கணக்கு டீச்சர் விடையைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

இங்கே கவனியுங்கள். இந்த இடத்தில் பரிதாபப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் நான் உங்களுக்கு இதைச் சொல்லவே வந்திருக்கமாட்டேன். அந்த அம்மா சொன்னது மனதை உலுக்கியது, சரி. அதனால் அது உண்மை என்று ஆகிவிடாது. உண்மையான நோய்க்காரப் பிள்ளைக்கும் பொய்ச் சான்றிதழில் சட்டை வரலாம். அவருக்கே தெரியாமல் யாராவது ஏமாற்றியிருக்கலாம். ஆகவே ஒன்றொன்றாகப் பார்ப்போம் என்று முரளியிடம் சொன்னேன்.

முதலில் ஆணா பெண்ணா என்பது. சட்டையை எப்படிப் போடுவது என்று காட்டச் சொன்னேன். எஸ்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் குடிதண்ணீர் கேன் ஒன்று இருந்தது, இருபது லிட்டர் பிடிக்கும் நீல நிறக் கேன். "கிட்டத்தட்ட அவன் சைஸ்தான்" என்று சொல்லி அதற்குச் சட்டையைப் போட்டார். போட்ட விதத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். கேனுக்கு வலிக்கும் என்பது போலப் போட்டார். துணியை இழுக்கவே இல்லை. முதுகுப் பக்கத்தைச் சாய்த்து வைத்து, முன்பக்கத்தை இரண்டு விரலால் கொண்டுவந்து, நீள நாடாவைச் சுற்றி, முடிச்சைச் சட்டைக்கு வெளியே விழும்படி கட்டினார். அகலமான இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வந்து படிந்தது.

முரளி கேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "மேடம், ஆம்பளப் பிள்ளை சட்டைதான். நான் திருப்பினதாலதான் மாறி வந்துச்சு."

சட்டையைக் கையில் எடுத்தால் தையல் உள்ளே போகும்படி திருப்புவது எங்கள் கைப்பழக்கம். எங்களைத் தவிர வேறு எவரும் செய்யாத தப்பு அது. சாதாரண ஆள் அதைப் பார்த்தால் தையல் வெளியே இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். நாங்கள் திருத்திவிட்டோம். திருத்தியதும் சரக்கு பொய் சொல்வதாகத் தெரிந்தது.

அடுத்தது எந்த நாடு என்பது. சான்றிதழில் எண், முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. அது மட்டும் போதாது. எஸ்தரிடம் கேட்டேன்: "நூல் எங்கேருந்து வந்தது, துணி எங்க பின்னினது, எங்க வெட்டினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" பெரிய பெரிய கம்பெனிகள் இந்தக் கேள்விக்கு எச்சிலை விழுங்கியதைப் பார்த்திருக்கிறேன். வக்கீலைக் கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள்.

எஸ்தர் போனை எடுத்தார். "தெரியும் மேடம். ஒவ்வொண்ணா கேட்டு வாங்கினேன். தோல்ல படறதாச்சே, தெரியாம எப்படிப் போடறது?"

அந்த யூனிட்காரர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் சின்னச் சின்ன வீடியோவாக அனுப்பியிருந்தார்கள். சுங்கத்துக்காக எடுத்தது அல்ல. ஒரு தாய்க்கு நம்பிக்கை வருவதற்காக எடுத்தது. வட்டப் பின்னல் இயந்திரத்திலிருந்து துணி இறங்குகிறது. சாயம் போடாமல் அலசுகிறார்கள். வெட்டுகிறார்கள். தைக்கிறார்கள். யூனிட்டின் பெயர்ப்பலகை தெரிகிறது, சான்றிதழில் இருந்த அதே பெயர். துணி அங்கேயே பின்னியது, சட்டை அங்கேயே தைத்தது. விலைப்பட்டியலும் செய்முறை விவரமும் எஸ்தரின் பையில் ஒழுங்காக இருந்தன. நான் எதிர்பார்த்ததற்கும் மேலாகவே அவர் பதில் வைத்திருந்தார்.

"லேபிள்?" என்று கேட்டேன்.

"அது அவங்க வழக்கம் போலத் தைச்சிட்டாங்க மேடம். சாம்பிள்ல பார்த்துட்டு வேணாம்னு சொன்னேன். அதுக்குள்ள எல்லாத்துலயும் தைச்சு முடிச்சிருந்தாங்க. பிரிச்சுடறோம்னாங்க. இதோ."

கடைசி வீடியோவைப் போட்டார். ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு பெண், தலையில் துணி கட்டியிருக்கிறார். பெயர் யாருக்கும் தெரியாது. சட்டையின் கழுத்தை மடியில் விரித்து, ஊசி முனையால் லேபிளின் தையலை ஒவ்வொன்றாக எடுக்கிறார். முடித்ததும் விரலால் தடவிப் பார்க்கிறார். அது போதவில்லை போலிருக்கிறது. சட்டையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, லேபிள் இருந்த இடத்தைத் தன் இமைமேல் வைத்து மெதுவாக இழுக்கிறார். ஒருமுறை. பிறகு நெற்றியைச் சுருக்குகிறார். மறுபடியும் ஊசியை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு நூலைப் பிடுங்குகிறார். மறுபடியும் இமைமேல் வைக்கிறார். இந்தமுறை தலையை ஆட்டிவிட்டு, அடுத்த சட்டையை எடுக்கிறார்.

பிரிக்க வேண்டிய குவியல் அவருக்குப் பக்கத்தில் இருந்தது. நான்கு பெட்டிச் சட்டைகள்.

என் கையிலிருந்த சட்டையை நானும் இமைமேல் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமே. இத்தனை வருஷமாக ஒரு சட்டையில் எந்த நாட்டின் கை பட்டது என்று தேடிக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்குத்தான் அந்தக் கையை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். முரளியிடம் சட்டையைக் கொடுத்தேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டு இமைமேல் வைத்துக்கொண்டார். ஏர் கார்கோ சோதனைக் கூடத்தில், சுற்றிலும் டிராலிகள் ஓடிக்கொண்டிருக்க, இரண்டு சுங்க அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டு பனியனோடு நின்றோம். வாசலிலிருந்து எட்டிப் பார்த்த சேகர் பயந்தே போனார்.

"இன்னா சார், வாசன புடிச்சிப் பாக்கறீங்களா?"

அறிக்கையை நானே எழுதினேன். பார்த்ததை மட்டும் எழுதினேன். உடுப்புகள் திருப்பி அடுக்கப்படவில்லை, தையல் உடம்பில் படக் கூடாது என்பதற்காக வெளியே வைத்துத் தைக்கப்பட்டவை. அப்படிப் போட்டால் இடப்பக்கம் மேலே வருகிறது. லேபிள் இறக்குமதி செய்தவரின் வேண்டுகோளின்படி தயாரித்த இடத்திலேயே நீக்கப்பட்டது. துணி பின்னியதும் சட்டை தைத்ததும் அந்த நாட்டில் என்பதற்கான விவரங்கள் இணைக்கப்பட்டுள்ளன. வீடியோவையும் சேர்த்து அனுப்பினேன். பிள்ளையின் நோயைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை.

மறுநாள் காலை அந்த முகம் தெரியாத அதிகாரியிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. லேபிளும் இல்லை, பித்தானும் இல்லை, எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

நல்ல கேள்வி. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். பதில் எழுத உட்கார்ந்து நெடுநேரம் விழித்துக்கொண்டிருந்தேன். விதிப் புத்தகத்தில் உள்பக்கத்துக்கு விளக்கம் கிடையாது. அது எல்லாருக்கும் தெரிந்தது என்று விட்டிருக்கிறார்கள். கடைசியில் இப்படி எழுதினேன்: 'அணிபவரின் தோலில் எந்தப் பக்கம் பட முடியுமோ, அதுவே உள்பக்கம்.'

அனுப்பிய பிறகு, வேலையை விட்டுத் துரத்தப் போகிறார்கள் என்று முரளியிடம் சொல்லிச் சிரித்தேன். வெள்ளிக்கிழமை அது. அன்று முடியாவிட்டால் விடுமுறை கழிந்துதான் எதுவும் நடக்கும். எஸ்தர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு மறுபடியும் அதே வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது கணினியில் முடிவு வந்தது. கேட்டபடியே வகைப்பாடு. கேட்டபடியே நாடு. பெட்டிகளை விடலாம். எந்தக் குறிப்பும் இல்லை. எங்கோ ஓர் ஊரில், நான் பார்த்தே இராத ஒருவர், அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு என்ன நினைத்தாரோ! இன்றுவரை எனக்கு அவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அவருக்கு ஒரு கும்பிடு.

சேகர் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றினார். எஸ்தர் ஒரு பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். நன்றி என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை அவருக்கு. "சாயங்காலம் குளிக்க வெச்சிட்டுப் போட்டுடலாம்" என்றார், தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி.

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம்பரம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். என் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. நடைமேடையில் ஒரு சட்டையைக் கண் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் பின்னல் துணி, முன்னால் மடித்துக் கட்டியது, தோளோரம் தையல் வெளியே ஓடியது. அதற்கப்புறம்தான் அதற்குள் இருந்த பையனைப் பார்த்தேன். ஒல்லியாக, கையில் சிப்ஸ் பாக்கெட்டோடு, தண்டவாளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். எஸ்தர் கொஞ்சம் தள்ளி டிக்கெட் மிஷின் வரிசையில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

பையனுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, நல்ல மனசோடுதான், குனிந்து சொன்னார்: "கண்ணு, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்க பாரு."

நான் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன், எதையோ சொல்ல. அதற்கு அவசியமே இருக்கவில்லை. பையன் தன் தோளை ஒருமுறை பார்த்தான். தையலைப் பார்த்தான். அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"இல்ல ஆன்ட்டி," என்றான், சிப்ஸை மென்றுகொண்டே. "எனக்கு இதுதான் நேரா."